முன்னே தள்ளுவதும் பின்னே தாங்குவதும்: மூளைக்குள் கதீட்டர் போகும் வழி

“தொடையில் சின்னதாக ஒரு துளை போட்டு, மூளையில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்களாம்.” பக்கவாதத்திலிருந்து மீண்ட ஒருவரைப் பற்றிப் பேசும்போது இப்படியொரு வாக்கியம் காதில் விழுவது இப்போது அபூர்வமில்லை. வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதைக் கேட்பவர் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. குழாயின் நுனியில் கேமரா இருக்கிறது, மருத்துவர் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறார் என்று ஒருவர் நினைக்கிறார். லேசர் கதிர் அடைப்பை உருக்கிவிடுகிறது என்று இன்னொருவர் சொல்கிறார். இவற்றைவிடப் பரவலான நினைப்பு ஒன்று உண்டு: இரத்தக்குழாய் ஏற்கெனவே திறந்திருக்கும் வழிதானே, அதற்குள் ஒரு குழாயை நுழைத்துத் தள்ளிக்கொண்டே போனால் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அது.

இந்தக் கடைசி நினைப்பைத்தான் இங்கே நிதானமாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால், இந்தச் சிகிச்சையின் சிரமம் முழுவதும், அதன் அழகும் கூட, ‘தள்ளுவது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் மறைந்திருக்கிறது.

## சரிசெய்யப்படுவது எது?

மருத்துவ அறிக்கைகளில் ‘லீஷன்’ என்றொரு சொல் வரும். அதைப் பலர் ‘கட்டி’ என்று புரிந்துகொண்டு கலங்கிப்போகிறார்கள். லீஷன் என்றால் இயல்பு கெட்டுப்போன இடம் என்பதே பொருள். அது கட்டியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இக்கட்டுரையில் அதைப் ‘பழுது’ என்று குறிப்பிடுகிறேன்.

கதீட்டர் என்பது உடலின் குழாய்களுக்குள் செலுத்தப்படும் மெல்லிய, வளையக்கூடிய குழாய். அது இரத்தக்குழாயின் உட்புறத்தில் மட்டுமே பயணம் செய்கிறது. மூளைத் திசுவுக்குள் நுழைவதில்லை. ஆகவே அதனால் நேரடியாகச் சரிசெய்யக் கூடியவை இரத்தக்குழாய்களின் பழுதுகள்தாம். அவற்றில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, தமனியை ஓர் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயே தமனி. அது அடைபட்டால் அதற்கு அப்பால் இருக்கும் மூளைப் பகுதி பட்டினியில் சாகத் தொடங்கும். இரண்டாவது, அனியூரிசம். தமனிச் சுவரின் வலுவிழந்த இடம் ஒன்று பலூன்போல் புடைத்து நிற்பதற்கு இந்தப் பெயர். அது வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியும். மூன்றாவது, தமனியும் சிரையும் இடையில் நுண்குழாய்கள் இல்லாமல் நேராகப் பின்னிக்கொண்டிருக்கும் நிலை. சுருக்கமாக ஏ.வி.எம். என்பார்கள். தமனியின் வேகமும் அழுத்தமும் தணியாமல் சிரைக்குள் பாய்வதால் அந்தப் பின்னல் எப்போது வேண்டுமானாலும் கசியக்கூடும்.

மூளையின் புற்றுக்கட்டியைத் தொடை வழியாக எடுத்துவிடலாம் என்று சொல்வது சரியன்று. மூளை உறையில் வளரும் சில கட்டிகளுக்கு, அறுவைச் சிகிச்சையின்போது இரத்த இழப்பைக் குறைப்பதற்காக, அவற்றுக்கு இரத்தம் ஊட்டும் கிளைகளை முன்கூட்டியே கதீட்டர் வழியாக அடைப்பதுண்டு. கட்டியை அகற்றுவது வேறு வேலை.

## வழி எப்படி இருக்கிறது?

தொடை இடுக்கில் இருக்கும் தமனி, தோலுக்குச் சற்றுக் கீழே துடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஊசி குத்தி உள்ளே நுழைந்தால், வயிற்றின் பின்புறமாக முதுகெலும்பை ஒட்டி மேலேறும் பெருந்தமனியை அடையலாம். இதுவரை பாதை அகலமானது. சிலருக்கு இங்கேயே வளைவுகள் இருந்தாலும், பொதுவாகச் சிரமம் குறைவு.

இதயத்துக்கு மேலே பெருந்தமனி ஒரு கைத்தடியின் பிடிபோல் வளைகிறது. அந்த வளைவின் மேற்புறத்திலிருந்துதான் தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் கிளம்புகின்றன. இளம் வயதில் அவை வளைவின் உச்சியிலேயே இருக்கும். வயது ஏற ஏறப் பெருந்தமனி நீண்டு, வளைவு மேல்நோக்கி உயர்ந்துவிடுகிறது. கிளைகளின் வாயோ உச்சிக்குக் கீழே, இதயத்தின் பக்கமாக இறங்கிவிடுகிறது. அப்போது கீழிருந்து வரும் கதீட்டர் உச்சியைத் தாண்டி, சற்றுக் கீழே இறங்கி, பிறகு கூர்மையாகத் திரும்பி மறுபடியும் மேலே ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவு என்று மலைப்பாதையில் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான்.

அதன்பின் கழுத்து. மூளைக்குப் போகும் உட்கரோட்டிட் தமனி கழுத்தில் நேராக ஓடுவதாகத்தான் பாடப்புத்தகப் படங்கள் காட்டுகின்றன. பலருக்கு அது அப்படி இல்லை. ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிச் சுவரின் மீள்நார்கள் தளரும்போது தமனி நீளத்தில் வளர்கிறது. மேல்முனை மண்டை ஓட்டிலும் கீழ்முனை மார்பிலும் பிணைக்கப்பட்டிருப்பதால், கூடுதல் நீளம் போக வேறு இடமின்றி நெளிவாகவும் மடிப்பாகவும், சிலருக்கு முழு வட்டச் சுற்றாகவும் மாறிவிடுகிறது. உயர் இரத்த அழுத்தம் இதை விரைவுபடுத்துகிறது.

கழுத்தைத் தாண்டியதும் தமனி மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் உள்ள எலும்புக் கால்வாய்க்குள் நுழைந்து செங்கோணமாகத் திரும்புகிறது. அங்கிருந்து வெளிவந்து, எஸ் எழுத்தைப்போல் முன்னும் பின்னும் வளைந்து மேலேறுகிறது. இந்தப் பகுதிக்குக் கரோட்டிட் சைபன் என்று பெயர். வயதானவர், இளையவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் இந்த வளைவு உண்டு, கூர்மையில்தான் வித்தியாசம். அதைக் கடந்த பிறகே மூளையின் தமனிகள் கிளை பிரிகின்றன. அடைப்பு அடிக்கடி நேரும் நடு மூளைத் தமனி, அதன் தொடக்கத்திலேயே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறுக்களவுதான் இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மண்டை ஓட்டுக்குள் நுழைந்த தமனிகளின் சுவர், உடலின் பிற இடங்களில் உள்ள அதே அளவுத் தமனிகளின் சுவரைவிட மெல்லியது. வெளிப்புற மீள்படலம் அவற்றுக்குக் கிடையாது. சுற்றிலும் தசையோ கொழுப்போ அணைத்துத் தாங்குவதில்லை. மூளைத்தண்டுவட நீரில் அவை கிடக்கின்றன. பயணத்தின் கடைசிச் சில சென்டிமீட்டர்கள்தாம் மிகக் குறுகியவை, மிக மெல்லியவை, மிகவும் வளைந்தவை. அவை கதீட்டரைப் பிடித்திருக்கும் கையிலிருந்து ஒரு மீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருக்கின்றன.

## தள்ளினால் ஏன் போவதில்லை?

சுவருக்குள் பதித்த பிளாஸ்டிக் குழாய்களில் எலக்ட்ரீஷியன் மின்கம்பி கோர்ப்பதை நாம் பார்த்திருப்போம். குழாய் நேராக இருந்தால் கம்பி தானாக ஓடுகிறது. ஒரு வளைவு வந்தால் கொஞ்சம் பலம் தேவை. மூன்று நான்கு வளைவுகள் அடுத்தடுத்து வந்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் கம்பி நகர்வதில்லை. ஆகவே அவர் முதலில் ஒரு ஸ்பிரிங்கையோ எஃகுப் பட்டையையோ அனுப்பி, அதன் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும், கம்பியை அதில் கட்டி அந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறார்.

மூளையின் தமனியில் மறுபக்கம் கிடையாது. அங்கே நின்று இழுக்க யாராலும் முடியாது. எல்லாவற்றையும் இந்த முனையிலிருந்தே செய்தாக வேண்டும். சுவருக்குள் இருக்கும் குழாய் கெட்டியானது, காலியானது என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே குழாய் மென்மையானது, துடித்துக்கொண்டிருப்பது, அதற்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வளைவுகள் ஏன் இவ்வளவு தடையாக இருக்கின்றன? படகைக் கரையில் நிறுத்துபவர் அதன் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, தளர்ந்த முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார். படகு முழு வேகத்தில் இழுத்தாலும் கயிறு வழுக்காது. சுற்று ஒவ்வொன்றும் உராய்வைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது என்பதே காரணம். 18-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் இதற்குச் சூத்திரம் கண்டார். அதன்படி கம்பத்தின் தடிமன் கணக்கில் வருவதில்லை. கயிறு மொத்தம் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதும், உராய்வுக் கெழுவும் மட்டுமே வருகின்றன. இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதைக் குறிக்கும் எண்ணே உராய்வுக் கெழு.

வளைந்த தமனிக்குள் கதீட்டருக்கும் ஏறக்குறைய இதே கதி. தமனிச் சுவர் கம்பம்போல் கெட்டியானதன்று என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் போக்கைப் புரிந்துகொள்ள உதவும். பாதையில் 6 செங்கோணத் திருப்பங்கள் இருக்கின்றன, உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம். நுனியில் 1 பங்கு விசை போய்ச் சேர, கையில் 6.6 பங்கு விசை கொடுக்க வேண்டியிருக்கும். கழுத்தில் ஒரு முழு வட்டச் சுற்று கூடுதலாக இருந்தால் அது 23 பங்காக ஏறிவிடும். ஒரே ஒரு சுற்று செய்த வேலை இது. கதீட்டரின் மேற்பூச்சை வழுக்கலாக்கி உராய்வுக் கெழுவை 0.1 ஆகக் குறைத்தால், அதே சுற்றோடு கூடிய பாதையிலும் 5 பங்குக்குச் சற்றுக் குறைவான விசையே போதும். இன்றைய கதீட்டர்களின் வெளிப்புறத்தில், நீர் பட்டதும் வழவழப்பாகும் பூச்சு ஒன்று இருப்பது இதற்காகத்தான்.

இதுவரை சொன்னதன் சாரம்: சிகிச்சையின் கடினத்தைத் தீர்மானிப்பது பழுது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைவிட, அதற்கு முன்னால் எத்தனை பாகை திரும்ப வேண்டியிருக்கிறது என்பதுதான். ஒவ்வொரு திருப்பமும் அதற்கு முந்தைய திருப்பங்களின் சுமையைப் பெருக்கிக்கொண்டே போகிறது.

## ஊசிக்காதும் நூலும்

விசையை அதிகமாகக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? தீராது. ஊசியில் நூல் கோர்ப்பதை நினைத்துப் பாருங்கள். நூலை நுனிக்கு மிக அருகில் பிடித்தால் அது ஊசிக்காதுக்குள் நுழைகிறது. நான்கு விரற்கடை பின்னால் பிடித்துக்கொண்டு தள்ளினால், நூல் வளைந்து தொய்கிறதே தவிர உள்ளே போவதில்லை. நூலும் அதேதான், துளையும் அதேதான். பிடித்த இடம் மட்டும் மாறியிருக்கிறது.

கதீட்டருக்கும் இதுதான் நேர்கிறது. முன்னால் தடை அதிகமாகிவிட்டால், பின்னாலிருந்து தள்ளும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அகலமான இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்த் தொய்வாகச் சேர்கிறது. பெரும்பாலும் அந்த இடம் பெருந்தமனி வளைவு. மருத்துவரின் கை முன்னே போகிறது. நுனி நின்ற இடத்திலேயே நிற்கிறது. சில வேளைகளில் பின்னே கூட வந்துவிடுகிறது. நடுவில் கதீட்டர் வில்லாக வளைந்து இதயத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது.

வில்லாக வளைந்த எதிலும் விசை சேமித்து வைக்கப்பட்டிருக்கும். தடை சற்றே விலகியதும் சேர்ந்திருந்த தொய்வு முழுவதும் ஒரே கணத்தில் நுனியை முன்னே எறியும். மெல்லிய சுவர்கொண்ட மூளைத் தமனிக்குள் அப்படியொரு பாய்ச்சல் நடந்தால் சுவர் கிழியலாம். அனியூரிசத்துக்குள் நடந்தால் அது துளைபடலாம். ஆகவே, கையை முன்னே கொண்டுபோயும் நுனி நகரவில்லை என்றால், அனுபவமுள்ளவர் செய்யும் முதல் காரியம் மெதுவாகப் பின்னே இழுத்துத் தொய்வை வாங்கிவிடுவதுதான். பல நேரங்களில் அப்படி இழுக்கும்போதே நுனி முன்னே நகர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புதிராகத் தெரியும்; தொய்வு நிமிரும்போது நுனிக்குப் போய்ச் சேர வேண்டிய நீளம் போய்ச் சேர்கிறது என்பதே விஷயம்.

நூல் கோர்ப்பவர் விரலை நுனிக்கு அருகில் கொண்டுபோவதுபோல், இங்கேயும் ‘விரலை’ உள்ளே கொண்டுபோக முடிந்தால்? ஒரு கதீட்டருக்குள் இன்னொரு கதீட்டர் என்ற ஏற்பாடு அதற்காகவே வந்தது.

## ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு அடுக்கு

வெளியடுக்கில் இருப்பது கைடு கதீட்டர். ஓரளவு தடித்தது, கெட்டியானது. கழுத்துத் தமனியில் உறுதியாக நின்றுகொண்டு பெருந்தமனி வளைவில் தொய்வு விழாமல் தாங்குவது இதன் வேலை. கதீட்டர்களின் தடிமனைப் பிரெஞ்சு என்ற அலகால் குறிப்பார்கள். 3 பிரெஞ்சு சேர்ந்தால் 1 மில்லிமீட்டர். 6 பிரெஞ்சு கைடு கதீட்டர் என்றால் அதன் வெளிக் குறுக்களவு 2 மில்லிமீட்டர்.

அதற்குள் போவது இடைக் கதீட்டர். கைடு கதீட்டரைவிட மென்மையானது. எலும்புக் கால்வாயையும் சைபனையும் தாண்டிப் போய் நிற்கக் கூடியது. அதற்குள் மைக்ரோ கதீட்டர். பழுதின் வாசல்வரை போவது இதுதான்; நுனியில் 1 மில்லிமீட்டரைவிட மெல்லியது. எல்லாவற்றுக்கும் உள்ளே மைக்ரோ வயர்: ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பி. அதன் நுனி மென்மையான சுருளால் ஆனது. சிறு கொக்கிபோல் வளைத்து வைத்திருப்பார்கள். பின்முனையில் விரல்களால் உருட்டினால் அந்த வளைவு திரும்பும். எந்தக் கிளைக்குள் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நுனியைத் திருப்பிக்கொள்ளலாம்.

கம்பி முதலில் ஒரு வளைவைக் கடக்கிறது. அதன்மேல் மைக்ரோ கதீட்டர் ஏறி வருகிறது. இவை இரண்டும் சேர்ந்து தண்டவாளம்போல் நிற்க, அவற்றின்மேல் இடைக் கதீட்டர் ஏறுகிறது. இடைக் கதீட்டர் வந்து நின்றுவிட்டால், தாங்கும் இடம் அந்த வளைவுக்கு அப்பால் நகர்ந்துவிட்டது என்று பொருள். அதுவரை கடந்த வளைவுகளின் உராய்வை இனிமேல் மைக்ரோ கதீட்டர் தமனிச் சுவரில் தேய்த்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை. வழவழப்பான பிளாஸ்டிக் உட்சுவரில் வழுக்கிக்கொண்டு போகலாம். பிறகு மறுபடியும் கம்பி, மறுபடியும் மைக்ரோ கதீட்டர், மறுபடியும் இடைக் கதீட்டர். மலை ஏறுபவர் ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு நகர்வதுபோல் நகர்கிறார்கள்.

கம்பி முன்னே, குழாய் பின்னே என்ற இந்த முறைக்கு ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஸ்வென் ஐவர் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட எளிய உத்தி வழிகாட்டியது. ஊசியைத் தமனிக்குள் குத்தி, அதன் வழியே கம்பியை அனுப்பி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின்மேல் குழாயை ஏற்றுவது அவருடைய முறை. தமனியை அறுத்துத் திறக்காமலே பெரிய குழாயை உள்ளே கொண்டுபோகலாம் என்று அது காட்டியது. தொடையில் இன்றும் அப்படித்தான் நுழைகிறார்கள்.

ஒரே கதீட்டருக்குள்ளும் ஒரு பொறியியல் நுட்பம் இருக்கிறது. தள்ளும் விசையைக் கடத்தப் பின்பகுதி கெட்டியாக இருக்க வேண்டும். வளைவில் திரும்ப முன்பகுதி துவண்டு கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. எனவே சுவருக்குள் எஃகு இழைகளைப் பின்னலாகவோ சுருளாகவோ வைத்து, பின்னலின் அடர்த்தியையும் பிளாஸ்டிக்கின் வகையையும் நீளவாக்கில் படிப்படியாக மாற்றுகிறார்கள். பின்னல், முறுக்கை நுனிவரை கடத்துகிறது. சுருள், வளையும்போது குழாய் நசுங்கி மடிந்துவிடாமல் காக்கிறது. தடிமனுக்கும் இதில் பெரும் பங்குண்டு: ஒரே பொருளால் ஆன திண்மையான தண்டின் குறுக்களவைப் பாதியாக்கினால், அதன் வளையா உறுதி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மெல்லிய கம்பி எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது என்பதற்கும், தனியாக விட்டால் அது எவ்வளவு குறைவாகத் தாங்குகிறது என்பதற்கும் இந்த ஒரே கணக்குத்தான் விடை.

## ஒரு சிறு படிக்கட்டு

சைபனின் மேல் வளைவில் கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் கிளை பிரிகிறது. அகலமான கதீட்டர் ஒன்றை மெல்லிய கம்பியின்மேல் ஏற்றிக்கொண்டு வரும்போது, கம்பிக்கும் கதீட்டரின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வளைவில் கம்பி உட்புறமும், கதீட்டரின் விளிம்பு வெளிப்புறமும் ஒதுங்க, அந்த விளிம்பு சரியாக அந்தக் கிளையின் வாயில் போய்ப் படிக்கட்டில் கால் தட்டுவதுபோல் இடித்து நின்றுவிடும். இங்கே பலத்தைக் கூட்டுவது ஆபத்து. இடைவெளியை நிரப்பும்படி சற்றுத் தடித்த மைக்ரோ கதீட்டரை உள்ளே வைத்தால் விளிம்பு இடிக்க இடமின்றிப் போகும். கதீட்டர் வழுக்கி மேலேறும். இன்று சில கதீட்டர்களை இந்தப் படிக்கட்டை மனத்தில் வைத்தே வடிவமைக்கிறார்கள். மில்லிமீட்டரைவிடச் சிறிய ஓர் இடைவெளி ஒரு சிகிச்சையையே நிறுத்திவைக்கக் கூடும் என்பதால்தான் இதைத் தனியாகச் சொன்னேன்.

## கேமரா இல்லாமல் எப்படிப் பார்க்கிறார்கள்?

எக்ஸ்ரேயில் இரத்தக்குழாய் தெரியாது. எலும்பும் உலோகமும்தான் தெரியும். அயோடின் கலந்த மருந்தைத் தமனிக்குள் செலுத்தினால், அது ஓடும் வழி சில நொடிகளுக்குக் கறுப்பாகத் தெரியும். இப்படி எடுக்கும் படமே ஆஞ்சியோகிராம். மூளையின் இரத்தக்குழாய்களை முதன்முதலில் இவ்வாறு படமெடுத்தவர் போர்ச்சுகல் நாட்டின் எகாஸ் மோனிஸ், ஆண்டு 1927. பிற்பாடு கணினி வந்ததும் இன்னொரு வசதி சேர்ந்தது. மருந்து செலுத்துவதற்கு முன் ஒரு படம், செலுத்திய பின் ஒரு படம் எடுத்து, முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்துவிட்டால் எலும்பு மறைந்து இரத்தக்குழாய் மட்டும் மிஞ்சும்.

அந்தப் படத்தைத் திரையில் நிறுத்திவைத்து, அதன்மேல் கம்பியின் நேரடி அசைவைக் காட்டுவார்கள். இதற்கு ரோடுமேப் என்று பெயர். இரண்டு எக்ஸ்ரே கருவிகள் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் படம் தருவதால், தட்டையான இரண்டு படங்களிலிருந்து மருத்துவர் மனத்துக்குள் முப்பரிமாண வழியைக் கட்டிக்கொள்கிறார்.

இந்த வரைபடத்தை முழுவதும் நம்பிவிட முடியாது. கம்பியும் கதீட்டரும் உள்ளே ஏறும்போது, வளைந்த தமனியே ஓரளவு நிமிர்ந்துவிடுகிறது. இடுப்பு நாடா கோர்க்கும்போது துணி சுருங்கிச் சேர்வதைப்போல், தமனியின் உபரி நீளம் வேறிடத்தில் போய்ச் சுருக்கமாகச் சேர்கிறது. திரையில் இருப்பதோ நிமிர்வதற்கு முன் எடுத்த படம். கம்பி சுவருக்கு வெளியே போய்விட்டதுபோல் அப்போது தோன்றும். உண்மையில் பாதைதான் நகர்ந்திருக்கிறது. சுருக்கம் மிகுந்தால் இரத்த ஓட்டமே தற்காலிகமாகத் தடைபடுவதும் உண்டு. ஆகவே ரோடுமேப்பை அவ்வப்போது புதிதாக எடுத்துக்கொள்வார்கள். நோயாளி தலையைச் சற்றே அசைத்தாலும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

இதுவரை: தாங்குமிடத்தைப் படிப்படியாக முன்னே நகர்த்துவது, தொய்வு சேரவிடாமல் பார்த்துக்கொள்வது, நிழற்படத்தை வைத்து நிஜத்தை ஊகிப்பது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

## போய்ச் சேர்ந்த பிறகு

சேர்ந்த பிறகு நடக்கும் வேலை, பழுதின் வகையைப் பொறுத்தது. அடைப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. அகலமான கதீட்டரை இரத்தக்கட்டியின் முகத்தில் ஒட்டவைத்து உறிஞ்சி எடுப்பது ஒன்று. கம்பி வலைக்கூண்டு ஒன்றைக் கட்டிக்குள் விரித்து, கட்டி அதில் சிக்கியதும் இழுத்து எடுப்பது மற்றொன்று. கரைப்பதும் இல்லை, லேசரும் இல்லை. பெரிய தமனி அடைபட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சை மருந்தை மட்டும் கொடுப்பதைவிடத் தெளிவாக மேலானது என்பதை, 2015-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த ஐந்து பெரிய ஆய்வுகள் நிலைநாட்டின.

அனியூரிசத்துக்குள் மெல்லிய பிளாட்டினச் சுருள்களை நிரப்பி, இரத்தம் உள்ளே சுழலாமல் உறையச் செய்வார்கள். சுருளை உள்ளே வைத்துப் பார்த்து, சரியில்லை என்றால் திரும்ப எடுத்து, சரியானால் மட்டும் சிறு மின்னோட்டத்தால் பிரித்துவிடும் முறையை குய்டோ குலியெல்மி லாஸ் ஏஞ்சலிஸில் உருவாக்கினார். முதல் நோயாளிக்குச் செய்தது 1990-இல். அதற்கும் முன்னால், மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ கதீட்டர் நுனியில் பிரிந்துகொள்ளும் சிறு பலூன்களைப் பயன்படுத்தி, 1974-இல் தம் அனுபவத்தை வெளியிட்டிருந்தார். வெடித்த அனியூரிசம் கொண்ட 2143 நோயாளிகளை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வொன்றின் முடிவு 2002-இல் வந்தது. இரண்டு சிகிச்சைக்கும் ஏற்றவர்களாக இருந்த அவர்களில், மண்டை ஓட்டைத் திறந்து கிளிப் போடப்பட்டவர்களைவிடச் சுருள் வைக்கப்பட்டவர்கள் ஓராண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்தார்கள். எல்லா அனியூரிசத்துக்கும் சுருள்தான் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இடமும் வடிவமும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

ஏ.வி.எம். பின்னலைப் பசைபோன்ற திரவத்தால் அடைப்பார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. பின்னலை நோக்கி இரத்தம் பாய்ந்து ஓடுவதால், மிக மென்மையான நுனிகொண்ட கதீட்டரை ஓட்டத்திலேயே விட்டுவிட்டால், ஆற்றில் விழுந்த இலைபோல் அது தானாகவே பழுதை நோக்கி மிதந்து போகும். முன்முனையிலிருந்து இழுக்க ஆளில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரே விதிவிலக்கு இது: இங்கே இரத்தமே இழுக்கிறது.

## வழி விடாதபோது

சில நோயாளிகளிடம் எவ்வளவு முயன்றாலும் தொடை வழி வேலை செய்யாது. பெருந்தமனி வளைவு மிகவும் கூர்மையாக இருந்தால், முன்கூட்டியே பின்னோக்கி வளைத்துச் செய்த கதீட்டரைக் கொண்டு கிளையின் வாயைப் பிடிப்பார்கள். மணிக்கட்டுத் தமனியின் வழியாக நுழைந்தால் கிளைகளை அணுகும் கோணமே மாறிவிடும்; தலையின் பின்பகுதிக்குப் போகும் தமனிகளை அடைய இது பலருக்குக் குறுக்குவழி. வேறு வழியே இல்லையென்றால் கழுத்துத் தமனியிலேயே நேராகக் குத்தி நுழைவதும் உண்டு. அங்கே இரத்தக்கசிவு ஏற்பட்டால் மூச்சுக்குழாயையே அழுத்திவிடும் என்பதால் அதைக் கடைசியாகத்தான் எடுப்பார்கள்.

பக்கவாத நோயாளியிடம் இந்த முடிவுகளை நிமிடக் கணக்கில் எடுக்க வேண்டும். பெரிய தமனி அடைபட்ட மூளையில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006-இல் வெளியான ஒரு மதிப்பீடு. எனவே நோயாளி வந்ததும் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமில் அடைப்பு எங்கே இருக்கிறது என்பதோடு, பெருந்தமனி வளைவிலிருந்து மேலே பாதை எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுவார்கள். எந்த வழியில் நுழைவது, எந்தக் கதீட்டரை முதலில் எடுப்பது என்பதெல்லாம் துளை போடுவதற்கு முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

## “ஆபரேஷன் இல்லை, வெறும் டியூப்தான்”

இந்தப் பேச்சு நோயாளிக்குத் தைரியம் சொல்வதற்காகச் சொல்லப்படுவது. அதன் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் குடும்பத்துக்கு முழு உண்மையும் தெரிய வேண்டும். தோலில் உள்ள துளை சிறியது என்பதால் உள்ளே நடக்கும் வேலை சிறியதாகிவிடாது. கதீட்டர் உரசியதில் தமனி இறுகிச் சுருங்கலாம். உட்படலம் கிழிந்து பிரியலாம். கம்பி, மூளையின் ஆழத்துக்குப் போகும் மயிரிழை போன்ற கிளை ஒன்றுக்குள் தவறி நுழைந்து அதைத் துளைத்துவிடலாம். கதீட்டரின் மேல் உறைந்த சிறு துணுக்கு ஒன்று பிய்ந்துபோய் வேறொரு கிளையை அடைக்கலாம். இதைத் தவிர்ப்பதற்காக ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே உப்புநீர் இடைவிடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், அதில் ஒரு காற்றுக் குமிழி கூட நுழையாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. இந்த ஆபத்துகள் இருந்தும், சிகிச்சை செய்யாமல் விடுவதன் ஆபத்து அதைவிடப் பெரிதாக இருக்கும்போதே இதைச் செய்கிறார்கள்.

வலியைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. தமனிக்குள் கதீட்டர் நகர்வதை நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை. மருந்து செலுத்தும்போது முகத்திலோ தலையிலோ சூடு பரவுவதுபோல் தோன்றும். மூளைக்குள் நுட்பமான வேலை நடக்கும்போது சிறு அசைவும் கூடாது என்பதற்காகவே பல நேரங்களில் முழு மயக்கம் கொடுக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் கதீட்டர்களை உள்ளடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்கள். இதையும் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் செய்ய வேண்டும். நிமிர்ந்து நிற்கும் தமனியிலிருந்து கம்பியை விரைந்து உருவினால் நுனி எதிர்பாராத பக்கம் துள்ளும். கம்பி விலகியதும் தமனி தன் பழைய நெளிவுக்குத் திரும்புகிறது. கடைசியாக ஒருமுறை மருந்து செலுத்திப் படமெடுத்து, எல்லாக் கிளைகளிலும் இரத்தம் ஓடுகிறதா என்று சரிபார்த்துவிட்டு, தொடையில் இருக்கும் துளையைச் சிறு கருவியால் மூடுகிறார்கள், அல்லது விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரத்தம் நிற்கும்வரை காத்திருக்கிறார்கள்.